தேர்வாளர் உழைப்பூதியப் பட்டியல்: ஒரு படிவத்தின் வரலாறு

பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திய ஆசிரியர், அந்த வேலைக்குரிய ஊதியத்தையும் பயணப்படி, தினப்படி ஆகியவற்றையும் கோரி எழுதித் தரும் படிவம் உழைப்பூதியப் பட்டியல் எனப்படும். திருத்தும் முகாம்களில் இதைப் பேச்சுவழக்கில் 'பில்' என்றே சொல்வர். பெரும்பாலும் ஒரே தாளில் இரு பக்கமும் அச்சிட்டதாக இருக்கும். முகாமின் கடைசி நாளில், ஊருக்குப் போகும் பேருந்தை நினைத்துக்கொண்டே அவசரத்தில் நிரப்பப்படுவது அதன் தலைவிதி.

தேர்வுகளின் வரலாற்றை எழுதுவோர் வினாத்தாளைப் பற்றியும் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் எழுதுவர். இந்தப் படிவத்தைப் பற்றி எழுதக் காணோம். ஆயினும், எந்த நாளில், எந்த வேளையில், எத்தனை தாள்கள் திருத்தப்பட்டன என்று தேர்வாளரே தம் கைப்படக் கணக்கு எழுதிக் கையொப்பமிடும் இடம் இது. முப்பது ஆண்டுக் காலத்தில் நான் எழுதிய பில்களில் சில திரும்பி வந்திருக்கின்றன. ஒன்று திரும்பி வந்ததால் ஒரு மாணவரின் தாள் பிழைத்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதைச் சரியாக நிரப்புவது எளிது என்பதாலேயே இக்கட்டுரை.

தேர்வு நடத்துவதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம்

1857 ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றியவை. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்: இப்பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. 1904 ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகே கற்பிக்கும் பணியும் அவற்றின் பொறுப்பில் சேர்ந்தது.

ஆகவே தேர்வாளர் என்பவர் அந்நிறுவனத்தின் ஓரத்தில் நின்றவர் அல்லர், அதன் நடுத்தூண். மாணவர் கட்டும் தேர்வுக் கட்டணம் ஒரு பக்கம் வரவு, தேர்வாளருக்குத் தரும் ஊதியம் மறுபக்கம் செலவு. யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம் பிள்ளை இப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் என்று நாம் பெருமையுடன் படிக்கிறோம். அவருடைய விடைத்தாளை உட்கார்ந்து திருத்தியவரை யாரும் நினைப்பதில்லை. அவரும் ஒரு பில் எழுதித்தான் இருப்பார்.

பள்ளி அளவில், சென்னை மாகாணத்தில் 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. அதுவரை பள்ளிப் படிப்பின் முடிவாக இருந்தது பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வு. எஸ்.எஸ்.எல்.சி. அரசுக் கல்வித்துறையின் சான்றிதழ். இதனால் தேர்வாளரின் பில்லும் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து அரசுக் கணக்குக்கு நகர்ந்தது. அரசுப் பணம் என்றால் கருவூலம், கருவூலம் என்றால் விதி. இன்று நம்மைத் தொல்லைப்படுத்தும் கட்டங்களில் பாதி கல்வித்துறையில் பிறந்தவை அல்ல, கருவூலத்தில் பிறந்தவை.

1922 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் இதில் ஒரு வேறுபாட்டை வகுத்தன. அரசு ஊழியர் ஒருவர் அவ்வப்போது செய்யும் சிறப்பு வேலைக்கு அரசு நிதியிலிருந்தே தரப்படும் தொகை ஒரு வகை, அதுவே மதிப்பூதியம். அரசு நிதிக்கு வெளியே, பல்கலைக்கழகம் போன்ற ஓர் அமைப்பிலிருந்து பெறும் கட்டணம் வேறு வகை. அரசுப் பள்ளி ஆசிரியர் பத்தாம் வகுப்புத் தாள் திருத்துவதும், அதே ஆசிரியர் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வித் தாள் திருத்துவதும் கணக்கில் ஒன்றல்ல என்பதற்கு வேர் இதுதான். நம் படிவத்தின் தலைப்பில் இருக்கும் 'உழைப்பூதியம்' என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. மதிப்பு என்பது கொடுப்பவர் பார்வை. உழைப்பு என்பது செய்தவருடையது.

ரூபாய், அணா, பைசா

1957 ஏப்ரல் முதல் நாள் வரை பில்லின் தொகைக் கட்டம் மூன்றாகப் பிரிந்திருந்தது: ரூ., அ., பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. அன்று முதல் ரூபாய் 100 நயா பைசாவாயிற்று.

இதில் தேர்வாளருக்கு என்ன சிக்கல்? ஓர் எடுத்துக்காட்டாக, தாள் ஒன்றுக்கு ஆறணா வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறணா என்பது சரியாக முப்பத்தேழரை நயா பைசா. அரைக் காசு கிடையாது; மாற்று அட்டவணையைப் பார்த்து 37 என்று எழுத வேண்டும். 100 தாள் திருத்தியவர் முதலில் ஒரு தாளின் வீதத்தை மாற்றிக்கொண்டு பிறகு பெருக்கினால் கிடைப்பது 37 ரூபாய். முதலில் அணாவிலேயே பெருக்கி, 600 அணாவை மொத்தமாக ரூபாயாக்கினால் கிடைப்பது 37 ரூபாய் 50 நயா பைசா. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. படிகளின் வரிசைதான் வேறு. அன்றைய எட்டணா ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியருக்கு அற்பமான தொகை அன்று.

அணா போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் இதே சிக்கல் இன்றைய பில்லிலும் உண்டு. தாளுக்கான வீதத்தில் ஐம்பது காசு ஒட்டிக்கொண்டு வரும்போது, சிலர் ஒவ்வொரு நாளின் தொகையையும் முழு ரூபாயாக்கிக்கொண்டு கூட்டுவர். சிலர் எல்லா நாளையும் கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்குவர். அலுவலகம் இரண்டாவது வழியில் கணக்குப் பார்க்கும். நாள்வாரி எண்ணிக்கையைக் கூட்டி, மொத்தத் தாள்களை வீதத்தால் பெருக்கி, இறுதித் தொகையை மட்டும் முழு ரூபாயாக்க வேண்டும். ஒரு ரூபாய் வேறுபாட்டுக்காக ஒரு பில் மேசையில் ஒரு வாரம் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த கட்டுகள்

தேர்வுத்தாள்கள் எல்லாக் காலத்திலும் முகாமில் திருத்தப்படவில்லை. விடைத்தாள் கட்டுகள் துணிப்பையில் தைத்து, அரக்கு முத்திரையிட்டு, தேர்வாளர் வீட்டுக்கே பார்சலாக வந்த காலம் ஒன்றுண்டு. சிறுவனாக இருந்தபோது என் தமிழாசிரியர் ஐயா வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு கட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நாளும் திண்ணையில் குழந்தைகளுக்கு இடமில்லை. அம்மா, அதாவது ஐயாவின் துணைவியார், காப்பி டம்ளரைக்கூட அந்தப் பக்கம் வைக்க மாட்டார்.

அக்காலப் பில்லில் இன்று இல்லாத சில வரிகள் இருந்தன. திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவு அல்லது ரயில் பார்சல் செலவு, நூல், துணி, அரக்கு. ஒவ்வொன்றுக்கும் ரசீது இணைக்க வேண்டும். ஐயா ரசீதுகளை ஓர் ஊசியில் குத்தி வைத்திருப்பார். இன்றைய பில்லில் 'இதர செலவுகள்' என்று ஒரு கட்டம் காலியாகவே இருப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். பெரும்பாலோர் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். அது அரக்கு வாங்கிய காலத்தின் எச்சம் என்பது என் கருத்து. கோடு போடுவது அவசியம். காலியாக விட்ட கட்டத்தில் பிறர் எதையும் எழுத முடியும்.

வீட்டில் திருத்தும் முறையில் ரகசியம் காப்பதும், எல்லோரும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் இடுவதும் கடினம். எனவே மையத் திருத்தும் முகாம்கள் வந்தன. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகளுக்கெனத் தனி இயக்ககம் 1975 இல் அமைந்தது. 1978 இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்து, 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தபின் தாள்களின் எண்ணிக்கை பெருகியது. அதுவரை புகுமுக வகுப்பாகக் கல்லூரிகளிடம் இருந்த தேர்வுச் சுமை பள்ளி ஆசிரியர்கள் தோளுக்கு வந்தது.

முகாமில் ஓர் அடுக்கு உண்டு. முகாம் அலுவலர், அவருக்குக் கீழே முதன்மைத் தேர்வாளர், கூர்ந்தாய்வு அலுவலர், உதவித் தேர்வாளர்கள், மதிப்பெண் சரிபார்ப்பு அலுவலர்கள். ஒருவருக்கொருவர் 'சி.இ.', 'எஸ்.ஓ.', 'ஏ.இ.', 'எம்.வி.ஓ.' என்றே அழைத்துக்கொள்வோம். உதவித் தேர்வாளருக்கு ஊதியம் தாள் கணக்கில். மற்றவர்களுக்குக் கணக்கிடும் முறை வேறு. ஒரே முகாமில் முதல் இரண்டு நாள் உதவித் தேர்வாளராக இருந்துவிட்டு, ஆள் வராததால் மூன்றாம் நாள் கூர்ந்தாய்வுக்கு மாற்றப்பட்டவர், இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பில் நிற்கும். பணி மாறிய நாளும், மாற்றிய ஆணையின் குறிப்பும் பில்லில் வர வேண்டும். வாய்மொழியாக 'நீங்க அங்க உட்காருங்க சார்' என்று சொல்லப்பட்ட மாற்றத்துக்கு மாலைக்குள் ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கிக்கொள்வது நல்லது.

எண்ணிக்கைக் கட்டம்

படிவத்தின் நடுவில் தேதி, முற்பகல், பிற்பகல், மொத்தம் என்று ஓர் அட்டவணை இருக்கும். மிகுந்த சலிப்பூட்டும் பகுதி இது. மிக முக்கியமானதும் இதுதான்.

1990-களின் பிற்பாதியில் ஒரு முகாம். நான் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசி நாள் பில் எழுதிக் கொடுத்தேன். கணக்கர் தம் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சார், உங்க மொத்தத்தில ஒண்ணு குறையுதே. எங்க புக்ல மூணாம் நாள் மத்தியானம் முப்பதுன்னு இருக்கு, நீங்க இருபத்தொன்பது போட்டிருக்கீங்க."

என் குறிப்பேட்டைப் புரட்டினேன். இருபத்தொன்பதுதான்.

"ஒரு தாள்தானே சார். முப்பதுன்னே திருத்திக்கோங்க. உங்களுக்கும் லாபம்தானே" என்றார் அவர். நல்ல மனிதர், என் பேருந்து நேரம் அவருக்குத் தெரியும். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அருகில் இருந்த எங்கள் சி.இ. அம்மா, ஓய்வுக்கு ஓராண்டு மீதமிருந்தவர், "தம்பி, பேனாவை மூடுங்க. கட்டை வரவழைங்க" என்றார்.

கட்டு வந்தது. மேலுறையில் 30. மதிப்பெண் பட்டியலில் 29 வரிகள். ஒரு தடித்த விடைத்தாளின் கூடுதல் தாள்களைக் கோத்திருந்த நூல் தளர்ந்திருந்தது. அதற்குள், இரண்டு மூன்று பக்கம் மட்டுமே எழுதிய மெல்லிய தாள் ஒன்று புகுந்து கிடந்தது. நான் அதைத் திறந்ததே இல்லை. சரிபார்ப்பில் இருந்தவரும் வரிகளைக் கூட்டினாரே தவிர மேலுறையோடு ஒப்பிடவில்லை. அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். 38 மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு 35 போதும்.

அம்மா என்னைத் திட்டவில்லை. பில்லைத் திருப்பிக் கொடுத்து, "இப்ப முப்பதுன்னு எழுதுங்க" என்றார். பேருந்து போய்விட்டது.

பிற்பாடு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. கட்டு எண்களைக் கணினியில் சரிபார்க்கும் இக்காலத்தில் அப்படியொன்று நழுவுவது கடினம். ஆனால் அன்று, கணக்கர் சொன்னபடி 29 ஐ 30 ஆக்கியிருந்தால் மூன்று பதிவேடுகளும் பொருந்தியிருக்கும். மேலும் தேட யாருக்கும் காரணம் இருந்திருக்காது. கட்டின் மேலுறை, மதிப்பெண் பட்டியல், தேர்வாளரின் பில் என்ற மூன்றும் தனித்தனியே எழுதப்படுவதன் பயன் இங்கேதான். பொருந்தவில்லை என்றால் எண்ணை மாற்றக் கூடாது. தாளை எண்ண வேண்டும்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் தேதி, கட்டு எண், பெற்ற தாள், திருத்திய தாள் என்று நான்கு குறிப்பை ஒரு சிறு நோட்டில் எழுதும் வழக்கம் எனக்கு வந்தது. பில்லை அந்த நோட்டிலிருந்து எழுதினேன், நினைவிலிருந்து எழுதியதில்லை.

எண்ணை மாற்றவே வேண்டிய இடங்களும் உண்டு. அப்போது வெள்ளை மை பூசக் கூடாது. எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதவும் கூடாது. தவறானதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்தது என்ன என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் கருத்து. மதிப்பெண் பட்டியலில் நாம் பின்பற்றும் விதியும் இதுவே.

ஐந்து மைல், எட்டுக் கிலோமீட்டர்

உள்ளூர்த் தேர்வாளர், வெளியூர்த் தேர்வாளர் என்ற பிரிவு முகாம்களில் ஆண்டுதோறும் சச்சரவுக்குக் காரணமாகிறது. தினப்படி இதைப் பொறுத்தது. பயணப்படி விதிகளில் எட்டுக் கிலோமீட்டர் என்றொரு எல்லை உண்டு. பணியிடத்திலிருந்து அந்த எல்லைக்குள் போய்வந்தால் அது பயணமாகக் கருதப்படாது.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இளம் ஆசிரியர்கள் கேட்பர். பழைய விதியில் இருந்தது ஐந்து மைல். மைல் போய்க் கிலோமீட்டர் வந்தபோது ஐந்து மைல் எட்டுக் கிலோமீட்டராயிற்று. குதிரையிலும் மாட்டுவண்டியிலும் போன அலுவலரை மனத்தில் வைத்து எழுதிய எல்லை, நகரப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வரும் ஆசிரியைக்கும் பொருந்துகிறது. இது நியாயமா என்பது வேறு கேள்வி. எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் கட்டத்தை நிரப்புகையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். முதலாவது, தொலைவை வீட்டிலிருந்து கணக்கிடுவது. விதிப்படி தலைமையிடம் என்பது பணிபுரியும் பள்ளி, வீடு அன்று. பள்ளியிலிருந்து முகாமுக்குள்ள தொலைவையே எழுத வேண்டும். இரண்டாவது, போன வழியை எழுதுவது. இரண்டு வழிகள் இருந்தால் குறுகிய வழிக்கே படி கிடைக்கும். சுற்றுவழியில் நேரடிப் பேருந்து இருந்தாலும் அப்படியே. வேறு வழியே இல்லாமல் சுற்றிப் போக நேர்ந்திருந்தால், அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கி இணைக்கலாம். எல்லா நேரமும் ஏற்கப்படும் என்று சொல்ல முடியாது.

இதனோடு ஓர் உறுதிமொழி வரும்: இப்பயணத்துக்கான தொகை வேறெங்கும் கோரப்படவில்லை. படித்துப் பார்க்காமல் கையொப்பமிடுகிறோம். அதே நாளில் பள்ளி வழியாக வேறொரு பயிற்சிக்குச் சென்றதாகப் பட்டியல் போட்டிருந்தால், தணிக்கையில் இரண்டும் எதிரெதிரே வைக்கப்படும். கணக்கு ஒப்படைப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்கிறது. உறவினரையும் சேர்த்தது கடுமைதான். நம் காலத்தில் மிகையாகப் பெற்ற தொகையைப் பிடித்தம் செய்வதோடு விட்டுவிடுகிறார்கள்.

எண்ணாலும் எழுத்தாலும்

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொல்வது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். 440 க்கு முன்னால் ஒரு 1 சேர்ப்பது எளிது. 'நானூற்று நாற்பது' என்பதற்கு முன்னால் ஆயிரத்தைச் சேர்ப்பது அவ்வளவு எளிதன்று. எழுத்து வடிவத்தின் முடிவில் 'மட்டும்' என்று போடுவது கதவைத் தாழிடுவது போன்றது. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் பில் திரும்பும். தமிழாசிரியர்களே தொண்ணூற்றுக்கும் தொள்ளாயிரத்துக்கும் தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். கணித ஆசிரியர்களைச் சொல்லவே வேண்டாம்.

கருவூலத்துக்குப் போகும் பில்லில் இன்னொரு காவல் உண்டு. தொகையைவிடச் சற்றே கூடுதலான ஒரு முழு ரூபாயைச் சிவப்பு மையில் எழுதி, அதற்குக் கீழ் என்று குறிப்பது. தொகை 1,440 என்றால் '1,441 ரூபாய்க்குக் கீழ்' என்று பில்லின் குறுக்கே எழுதியிருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது பிழை போலத் தோன்றும். ஓர் ஆண்டு ஒரு பள்ளியில் புதிய இளநிலை உதவியாளர் ஒருவர் அதைத் தவறு என்று எண்ணி அடித்துவிட்டு 1,440 என்று எழுதினார். மொத்தப் பில்லையும் மீண்டும் தயாரிக்க நேர்ந்தது. யாராவது பின்னால் தொகையை உயர்த்தினால் சிவப்பு வரி காட்டிக்கொடுத்துவிடும் என்று மூத்த கண்காணிப்பாளர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். கணினி இல்லாத காலத்தில் யோசித்த உபாயம்.

ஸ்டாம்பு

1899 ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டப்படி, 20 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ஓரணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருந்தது. பின்னர்க் காசுக் கணக்குக்கு மாறியது. 1994 இல் வரம்பு 500 ரூபாயாகவும் ஸ்டாம்பு ஒரு ரூபாயாகவும் உயர்ந்தன. 2004 இல் வரம்பு 5,000 ரூபாயாயிற்று.

ஆகவே 2004 க்கு முன்னால் பணியில் இருந்த தேர்வாளர்கள் அனைவரும் ரெவின்யூ ஸ்டாம்பு தேடி அலைந்தவர்களே. முகாம் முடியும் நாளில் ஊரில் இருக்கும் ஒரே அஞ்சலகத்தில் ஸ்டாம்பு தீர்ந்துவிடும். வாசலில் பெட்டிக்கடைக்காரர் ஒரு ரூபாய் ஸ்டாம்பை இரண்டு ரூபாய்க்கு விற்பார். முன்கூட்டியே பத்து வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அன்று மரியாதை அதிகம்.

ஒட்டியதோடு வேலை முடியாது. ஒட்டிய ஸ்டாம்பை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி செல்லாததாக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால்தான் கையொப்பம் பாதி ஸ்டாம்பின் மேலும் பாதி தாளின் மேலுமாக விழ வேண்டும். ஸ்டாம்புக்குக் கீழே அழகாகக் கையொப்பமிட்டவர்கள் திரும்ப வரிசையில் நின்றார்கள். பணம் அன்று ரொக்கமாகத் தரப்பட்டது. பட்டுவாடாப் பட்டியலில் பெயருக்கு எதிரே கையொப்பமிட்டு, எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். குறைந்த ஊதியத்தில் தனியார் பள்ளிகளில் இருந்தவர்களுக்கு அந்தப் பணம் மே மாதத்தை ஓட்டும் பணம். பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் சீருடைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பதினோரு எழுத்துகள்

பின்னர் வங்கிக் கணக்குக்கே தொகை போகும் முறை வந்தது. 2005 நவம்பரில் நெஃப்ட் பணப்பரிமாற்ற முறையை ரிசர்வ் வங்கி தொடங்கியது. அதன்பின் படிப்படியாகப் பில்லில் இரண்டு புதிய கட்டங்கள் தோன்றின: கணக்கு எண், ஐ.எஃப்.எஸ். குறியீடு. வரிசை நீங்கியது. ஆனால் பிழையின் தன்மை மாறியது. ரொக்கக் காலத்தில் பிழை உடனே முகத்துக்கு நேராகத் தெரியும். இப்போது இரண்டு மாதம் கழித்து, பணம் வரவில்லை என்பதன் மூலம்தான் தெரிகிறது.

இக்குறியீட்டில் 11 இடங்கள் உண்டு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம். கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். ஐந்தாவது இடத்துச் சுழியத்தை ஆங்கில 'ஓ' எழுத்தாக எழுதிவிடுவது நம்மவர்களிடம் மிகப் பரவலான தவறு. கையெழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. தட்டச்சு செய்பவர் தமக்குத் தோன்றியதை அடிப்பார். நான் சுழியத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு போட்டுக் காட்டுவேன்.

கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஆபத்து இன்னும் பெரிது. நெஃப்ட் முறையில் நெடுங்காலம் பெறுபவரின் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. கணக்கு எண்ணை மட்டும் வைத்தே தொகை வரவு வைக்கப்பட்டது. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலை இணைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த நகலில் எண் மங்கலாக விழுந்திருந்தால் இணைத்தும் பயனில்லை.

வங்கிகள் இணைந்தது அடுத்த சோதனை. 2017 இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், ஸ்டேட் வங்கியோடு சேர்ந்தது. 2019 இல் விஜயா வங்கி, பரோடா வங்கிக்குள் போனது. 2020 ஏப்ரலில் ஒரே நாளில் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும் கலந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, டி.பி.எஸ். வங்கியாயிற்று. இந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களின் பழைய குறியீடுகள் சிறிது காலத்துக்குப் பின் செல்லாமல் போயின. ஆனால் கையில் இருந்ததோ பழைய புத்தகம். அதன் நகலையே இணைத்தார்கள். என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் பில் இப்படித் திரும்பி, மறுபடி அனுப்பப்பட்டு, அடுத்த ஆண்டு முகாம் தொடங்கும் வேளையில்தான் தீர்ந்தது. அவர் படிவத்தில் எழுதியது ஒன்றுகூடத் தவறில்லை. எழுதிய பிறகு உலகம் மாறிவிட்டது.

இணைப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணி நியமன ஆணையின் நகல், பள்ளியிலிருந்து விடுவித்த ஆணை, முகாமில் தந்த வருகைச் சான்று ஆகிய மூன்றிலும் தேதிகள் பொருந்த வேண்டும். முகாம் திங்களன்று தொடங்கியிருக்க, பள்ளியில் செவ்வாயன்று விடுவித்ததாக ஆணை இருந்தால், திங்களன்று நீங்கள் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறீர்கள். முழுப் பில்லையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது இன்னொரு வகையிலும் உதவும். இத்தொகை வருமான வரிக்கு உட்பட்டது. வரிப் பாடநூல்களில் 'பிற வழி வருமானம்' என்ற தலைப்புக்குத் தேர்வாளர் பெறும் ஊதியத்தையே எடுத்துக்காட்டாகத் தருவதுண்டு. பிப்ரவரியில் வரிப் படிவம் நிரப்பும்போது சென்ற ஏப்ரலில் எவ்வளவு வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய முகாமில் எழுதிய பில் 5,000 ரூபாயைத் தொடவில்லை. தொகையும் வங்கிக்குத்தான் போக இருந்தது. ஆயினும் படிவத்தின் கீழ்ப்பகுதியில், பழைய அச்சில் வந்த சின்னச் சதுரம் ஒன்று அப்படியே இருந்தது. பழக்கதோஷம், பர்ஸில் இருந்த ஸ்டாம்பை ஒட்டி, பாதி அதன் மேலும் பாதி தாளிலுமாகக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். வாங்கிய இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்று கேட்டார்.